இருபத்து மூன்று அளவுகள்

ஜெர்மனியின் எஸ்லிங்கன் ஊரில் லோரே கேஹெலேயைப் போல நேராகத் தைப்பவர் வேறு யாரும் இல்லை. இதை அவள் தன் வாயால் சொல்லமாட்டாள். ஆனால் மற்றவர்கள் சொல்லாமல் விட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் மேல் எனக்குள்ள கோபமும் இரக்கமும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் அதையே முதலில் சொல்லிவிட்டேன்.

பதினேழு வயதில் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை உலகப் போரில் கிழக்குப் போர்முனைக்குப் போனவன், திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இடுப்புக் கச்சை தைக்கும் ஆலையில் தலை குனிந்து உட்கார்ந்தாள். ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது, 'நுண்ணிய கைவேலை தெரிந்த பெண் தேவை' என்று பேப்பரில் பார்த்து டாக்டர் ஃபால்க்கின் பட்டறைக்குப் போனாள். பொம்மைக்குச் சட்டை தைக்கும் வேலையாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

டாக்டர் ஃபால்க் கட்டட எஞ்சினியர். தூண் இல்லாத வளைகூரைகள்தான் அவருக்குப் பைத்தியம். கூரைக்கு வளைவை அவர் பென்சிலால் போடமாட்டார். ஒரு துணியை பிளாஸ்டர் கரைசலில் நனைத்து, நாலு மூலையில் மாட்டித் தொங்கவிடுவார். துணி தன் எடைக்குத் தானே ஒரு வளைவைத் தேடிக்கொள்ளும். அது காய்ந்து கல்லானதும் கவிழ்த்து நிறுத்தினால், தொங்கும்போது இழுவிசையில் நின்றதெல்லாம் இப்போது அழுத்தத்தில் நிற்கும். அந்த வடிவத்தை ஐம்பது மடங்கு பெருக்கிக் கான்கிரீட்டில் வார்த்தால், கையகலம்கூடத் தடிமன் இல்லாத கூரை ஒரு மைதானத்தையே மூடிவிடும். பனிக்காலத்தில் அவருக்கு பிளாஸ்டரும் வேண்டாம். பட்டறை முற்றத்தில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்து விடுவார். காலையில் பனிக்கட்டியாகி நிற்கும். அந்தத் தெருக்காரர்கள் துவைத்த துணியை உள்ளே எடுக்கத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

துணி வெட்டித் தைத்து மாட்டுவதும், காய்ந்த மாதிரியை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு அளப்பதும் லோரேயின் வேலை. முதல் நாளே டாக்டர் 'ஃப்ராவ்', அதாவது அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஃப்ராவ் கேஹெலே, ஊசி சொல்றத எழுதுங்க. நீங்க நெனைக்கிறத எழுதாதீங்க. நெனைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அதுவே தண்டம்."

அதனால் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஊசியைப் பார்த்துப் படிப்பவர் ஒருவர், நோட்டில் எழுதுபவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. கண்ணும் கையும் ஒரே உடம்பில் இருந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும் என்பார் டாக்டர்.

1967-ல் ஹோல்ஸ்பாக் என்ற சின்ன ஊர் தன் நீச்சல் குளத்துக்கு ஒரு கூரை கேட்டது. நாலு காலில் நிற்கும் கூரை. நாலாவது கால் ஊன்ற வேண்டிய இடத்தில் பூமிக்கடியில் பழைய ஆலை வாய்க்கால் ஓடியது. அதனால் அந்தக் காலைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. மாதிரியிலும் நாலாவது கொக்கி இரண்டு விரல் வெளியே போனது. லோரே அதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டி வைத்திருந்த துணி அந்தப் பக்கம் எட்டவில்லை.

புதுத் துணி வெட்டியிருக்கலாம். பட்டறையில் துணிக்கா பஞ்சம்? ஆனால் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்று ஒரு வாய் திறந்து சொல்ல வேண்டுமே. அவள் ஓரத்தில் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். அப்படியொரு தையல்! விரலால் தடவினாலும் தட்டுப்படாது. டாக்டர் வந்து கீழிருந்து பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, வெளியூரில் பேச்சு இருக்கிறது என்று ரயிலுக்கு ஓடினார்.

மறுநாள் அளக்க வேண்டும். எழுதும் மாணவன் காய்ச்சல் என்று வரவில்லை. வேலை தேங்குமே என்று லோரே தனியாக உட்கார்ந்தாள். தானே படித்தாள், தானே எழுதினாள். மூன்று பக்க ஓரங்கள் ஒழுங்காக வந்தன. நாலாவது பக்கம், ஒட்டுத்துணி வைத்த பக்கம், ஓரம் நெடுக ஒரு மடிப்பு எழும்பியிருந்தது. சரியாக இஸ்திரி போடாத பாவாடை விளிம்பு போல. மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தையல் நூல் நனைந்து சுருங்கி ஓரத்தை இழுத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, சத்தியம் பண்ணாத குறையாக நம்பினாள். இந்த மடிப்பு எண்களாக நோட்டில் ஏறினால் டாக்டர் காரணம் கேட்பார், ஒட்டுத்தையல் வெளியே வரும். அந்த ஓரத்தில் இருபத்து மூன்று புள்ளிகள். இருபத்து மூன்றையும் அவள் மற்ற மூன்று பக்கங்களைப் போலவே சீராக்கி எழுதினாள். ரப்பர்கூட வேண்டியிருக்கவில்லை. நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கூரைக்கு சென்ட்ரிங் அடித்தவர் ஹோல்ஸ்பாக் தச்சர் எர்வின் ரீகர். மனைவியை இழந்தவர், பெரிய கை, பெரிய குரல். நோட்டைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருமுறை பட்டறைக்கு வந்துவிடுவார்.

"அம்மா, இது என்ன எழுத்து? அச்சடிச்ச மாதிரி இருக்கு! எங்க பாதிரியார் கையெழுத்தப் பாத்தா கடவுளுக்கே வெளங்காது."

"எழுத்தப் பாக்க வந்தீங்களா, அளவப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல. காப்பி நல்லா இருக்கும்னாங்க."

நோட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மரக்கட்டையை வளைத்து நிறுத்தினார் எர்வின். கூரை வார்த்து, முட்டுகளை எடுத்த அன்று தானே மேலே ஏறி, தலைக்குமேல் தொப்பியை ஆட்டினார். ஊரே கைதட்டியது. கீழே நின்ற லோரே நாலாவது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, அழகாக இருந்தது. பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த நாட்டில் பத்து வருடம் எதிர்வீட்டில் இருப்பவரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். 'நீ' என்று சொல்ல ஆளுக்கொரு கோப்பை வைனும் ஒரு முடிவும் வேண்டும். எர்வினும் லோரேயும் அந்தக் கோப்பையைக் குடிக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவர் பஸ் பிடித்து வந்துவிடுவார். காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் கேக், கொஞ்சம் வம்புப் பேச்சு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக அவள் திங்கட்கிழமையிலிருந்தே நாளை எண்ணுவாள்.

1973 ஜனவரியில் பெரிய பனி விழுந்தது. ஹோல்ஸ்பாக் கூரையின் நாலாவது ஓரம் தொய்ந்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. திங்கட்கிழமை, குளத்துக்கு விடுமுறை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாநிலத் தலைநகரிலிருந்து வந்த நிபுணர் ஓரத்தை அளந்தார், நோட்டைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றார். வருடா வருடம் ஓரம் கீழே இறங்கியிருக்கிறது, நோட்டில் பிழையில்லை, ஆகவே வார்க்கும்போதே சென்ட்ரிங் தாழ்ந்து வளைவு கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு எழுதினார். பிளாஸ்டர் மாதிரியை மறுபடி அளக்கலாம் என்றால், பட்டறை இடம் மாறியபோது அது குப்பை வண்டியில் போயிருந்தது.

கூரையை இடிக்க இரும்புக் குண்டு தொங்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இடித்த மூன்று நாளும் எர்வின் வேலியோரம் நின்று பார்த்தார். மற்ற மூன்று பக்கமும் குண்டை எகிற அடித்தன. இடிக்க வந்தவர்களே வாய்விட்டுத் திட்டும்படி நின்றன. நாலாவது பக்கம் மட்டும் முதல் நாளே உள்ளே விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவர் கேக்கைத் தொடவில்லை.

"என் கண்ணுதான் போயிடுச்சு, லோரே. வேற என்ன? உன் அளவு ஒண்ணும் தப்பில்லையே. நான்தான் எங்கயோ ஒரு முட்டச் சரியா வெக்கல."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் காப்பி ஊற்றினாள்.

அவர் வேலையை விட்டார். உளி, இழைப்புளி, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டார். ஊரில் யாரும் அவரை முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அலமாரி செய்யக்கூட யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார். வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கதவு நிலையைக் கையால் தடவிப் பார்த்து, "இது நேராத்தான இருக்கு?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் லோரே நேராகத்தான் இருக்கிறது என்று சொல்வாள்.

நாலு வருடம் இப்படிப் போனது. மனசாட்சியை அவள் ஒரே ஒரு நம்பிக்கையால் தூங்க வைத்திருந்தாள்: அந்த மடிப்பு என் தையலால் வந்தது, வளைவால் வந்ததல்ல, நான் மாற்றி எழுதியது பிழையைத்தான், உண்மையை அல்ல. இரவில் விழித்தால் இதையே ஜபம் போலச் சொல்வாள். ஆனால் ஐம்பது வயதில் ஒருத்தி தன்னையே எத்தனை காலத்துக்குத்தான் ஏமாற்றுவாள்? 1977 ஜனவரியில் கடுங்குளிர் இறங்கியபோது, டாக்டரின் முற்றத்து விளையாட்டு அவள் நினைவுக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தன் வீட்டு முற்றத்தில் நாலு துடைப்பக் கம்புகளை அடித்து நிறுத்தினாள். நாலாவதை இரண்டு விரல் வெளியே தள்ளினாள். அந்த அளவுகள் அவளுக்கு மறக்கவே இல்லை. நல்ல படுக்கை விரிப்பு ஒன்றிலிருந்து, இந்த முறை பெரிதாகவே, ஒரே துண்டாகத் துணி வெட்டினாள். ஒட்டு இல்லை, தையல் இல்லை. நனைத்து மாட்டி, துணிக்குத் தெளிக்கும் குப்பியால் நீர் பூசினாள்.

மேல்மாடியிலிருந்து ஃப்ராவ் ஸிப்பர்லே தலையை நீட்டினாள். அந்தக் கட்டடத்தில் எந்த வாரம் யார் வாசல் கூட்ட வேண்டும் என்ற பலகைக்கு அவள்தான் காவல்.

"ஃப்ராவ் கேஹெலே! இந்த வாரம் உங்க முறை, ஞாபகம் இருக்கா? நீங்க பாட்டுக்கு முற்றத்துல ஐஸ் பண்ணிட்டிருக்கீங்க. யாராவது வழுக்கி விழுந்தா?"

"நடக்கிற பக்கம் சாம்பல் போட்டுட்டேன்."

"அது என்னதான் அது? தலையணை உறையா?"

"கூரை."

"கூரையா? ரொம்பச் சின்னதா இருக்கே" என்று சொல்லி ஸிப்பர்லே ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அன்று முழுக்க லோரே வேண்டிக்கொண்டது இதுதான்: ஓரம் நேராக வரட்டும். மடிப்பு இல்லாமல் வந்தால் பழி அந்தப் பழைய தையலுக்கு. அவள் எழுதிய எண்கள் சரி. அவள் கை சுத்தம். மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. ஓரம் நேராக வந்தால், கூரை கெட்டது எர்வினால்தான் என்று ஆகும். உலகத்தில் தனக்கென்று இருக்கும் ஒரே மனிதன் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று மாவுக் கையோடு நின்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் துணி கல்லாக இறுகியிருந்தது. கம்புகளிலிருந்து அவிழ்த்து, கவிழ்த்து, முற்றத்தில் நிறுத்தினாள். நாலு காலில் நின்றது. மூன்று ஓரம் ஒழுங்காக வளைந்திருந்தது. நாலாவது ஓரத்தில், ஒட்டும் தையலும் இல்லாத ஒரே துணியில், அதே மடிப்பு. அதே மூன்று மில்லிமீட்டர். நாலாவது காலைத் தள்ளி வைத்ததால் அந்தப் பக்கம் நீளம் கூடிவிட்டது. நீண்ட ஓரத்தைத் தாங்கிக்கொள்ளத் துணி தானே அந்த மடிப்பைக் கண்டுபிடித்திருந்தது. பத்து வருடம் முன்னால் அது சொன்னதும் இதைத்தான். அவள்தான் அதன் வாயை அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது காற்று மாறியிருந்தது. வடக்குச் சுவரோரம் என்பதால் முற்றத்தில் குளிர் இன்னும் தங்கியிருந்தது. தெருவில் கூரைகள் சொட்டத் தொடங்கிவிட்டன. எர்வின் மூன்று மணிக்கு வருவார். லோரே ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். கொதித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நாலே கை ஊற்றினால் போதும், மடிப்பும் இருக்காது, கூரையும் இருக்காது.

ஜன்னல் திறந்தது. "ஊத்துங்க, ஊத்துங்க! அப்பத்தான் எடம் சுத்தமாகும்!" என்றாள் ஸிப்பர்லே.

லோரே கெட்டிலைப் பிடித்தபடி நாலாவது ஓரத்தைப் பார்த்தாள். ஆவி அவள் கையைச் சுட்டது. கெட்டிலைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் அதிலேயே காப்பி போட்டாள்.

எர்வின் முற்றத்தின் வழியாகத்தான் வருவார். வந்தார், நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை. லோரே கதவைத் திறந்தபோது அவர் முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, நாலாவது ஓரத்தின் அடியில் கட்டைவிரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். தச்சனுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

"இது ஹோல்ஸ்பாக்."

"ஆமா."

"இந்த மடிப்பு என்கிட்ட வரல."

"வரல. நான் எழுதல, எர்வின். ஊசி சொல்லுச்சு, நான் எழுதல. தையல்ல கோளாறுன்னு நெனச்சு எல்லாத்தையும் நேராக்கிட்டேன். இருபத்து மூணு எண்."

அவர் பனிக்கட்டியின் உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"எப்பத் தெரியும்?"

"நேத்து காலைல."

"சந்தேகம்?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொய் சொல்ல முடியாது.

"அது வெடிச்ச அன்னிலேருந்து."

"நாலு வருஷம்" என்றார் எர்வின். குரல் எழும்பவே இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை போல் இருந்தது. "எல்லாக் கருவியையும் குடுத்துட்டேனே. எங்க அப்பாவோட இழைப்புளி. ஒவ்வொரு வாரமும் இங்க வந்து அந்தக் கதவ நேரா இருக்கான்னு கேட்டேனே."

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். ஊருக்கும் எழுதிக் குடுத்துடறேன். பேப்பர்லயும்—"

"எழுதுங்க."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய மரியாதை திரும்பி வந்திருந்தது. லோரே கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, வரவிடவில்லை. தனக்கு அழ உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கோட்டுப் பையைத் துழாவினார். தச்சனின் தட்டைப் பென்சில் ஒன்று கிடைத்தது. தொழிலை விட்டும் அது மட்டும் பையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. பஸ் டிக்கெட் வைத்திருந்த உறையைக் கிழித்து முழங்கால் மேல் விரித்துக்கொண்டார்.

"உருகறதுக்குள்ள அளந்து சொல்லுங்க."

"எதுக்கு, எர்வின்? கூரையே இல்லையே."

"எனக்கு வேணும்."

அவள் உள்ளே போய்ப் பின்னல் ஊசியும் அடிக்கோலும் ஒரு நேர்ச்சட்டமும் கொண்டுவந்தாள். சட்டத்தை ஓரத்துக்கு மேலே இரண்டு செங்கல்லில் குறுக்காக வைத்தாள். ஈரத்தில் மண்டியிட்டு, முதல் புள்ளியில் ஊசியை இறக்கினாள். அந்தக் கை எதற்கும் நடுங்காது.

"எண்பத்து நாலரை."

பென்சில் அசையவில்லை.

"ஊசி சொல்றதா, நீங்க சொல்றதா?"

"ஊசி."

அவர் எழுதினார். அடுத்த புள்ளிக்கு ஊசியை நகர்த்தினாள்.

"எழுபத்தொம்பது."

"ஊசி சொல்றதா, நீங்க சொல்றதா?"

"ஊசி."

தெருவில் கூரைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மேல்மாடி ஜன்னல் திறந்து, ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டது. மேசையில் காப்பி ஆறியது. இருபத்து மூன்று முறையும் அவர் அதைக் கேட்டார். இருபத்து மூன்று முறையும் அவள் அதே பதிலைச் சொன்னாள். பிறகு அவர் உறையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கையுறையை மாட்டிக்கொண்டார், நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.